லிம்ஃபோசைட் குறைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. பள்ளி ஆசிரியை. இரண்டு வருடமாக, நரம்பின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) இருக்கிறது. முதலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அப்படியும் ஒரு கண்ணில் பார்வை மங்கியதால், நான்கு மாதத்துக்கு முன்பு ஃபிங்கோலிமாட் 0.5 மில்லிகிராம் காப்ஸ்யூலுக்கு மாற்றினார்கள். இப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணு 11 சதவீதம் என்று வந்து, பக்கத்தில் 'குறைவு' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்ற என் பெரியப்பா, 'வெள்ளை அணுவையே கொல்கிற மருந்து, உடனே நிறுத்து' என்கிறார். இந்த மருந்து ஸ்பிங்கோசின் என்ற கொழுப்பின் நகல் என்று படித்தேன். நரம்பின் உறையும் கொழுப்புதானே, அதைத்தான் இது நிரப்புகிறதா? சோயா, பால், முட்டையில் இதே கொழுப்பு இருக்கிறதாமே, அவற்றைத் தவிர்க்க வேண்டுமா? தோல் வறட்சிக்குச் செராமைடு க்ரீம் பூசுகிறேன், அதைத் தொடரலாமா? அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.
— வாசகி, மதுரை

பதில்:

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

நான் நரம்பியல் மருத்துவன் இல்லை; மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துபவன். உங்களுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். ஆனால் அந்தக் காப்ஸ்யூல் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பது என் பாடம். அது புரிந்தால் ரிப்போர்ட்டைப் பார்த்து வந்த பயம் பெரும்பாலும் போய்விடும்.

நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எண்ணிக்கையாக மாற்றிப் பார்க்க வேண்டும். மருந்து தொடங்கும் முன்பு மொத்த வெள்ளை அணுக்கள் 6,800, அதில் லிம்ஃபோசைட் 28 சதவீதம். அதாவது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,904. இப்போது மொத்தம் 3,900, லிம்ஃபோசைட் 11 சதவீதம், அதாவது 429. பழைய எண்ணிக்கையில் கால் பங்குக்கும் கொஞ்சம் கீழே. ஃபிங்கோலிமாட் சாப்பிடுகிறவர்களிடம் எதிர்பார்ப்பதே இதுதான். பழைய அளவில் 20 முதல் 30 சதவீதத்துக்கு இறங்கும், அங்கேயே நிற்கும். பாக்டீரியாவோடு முதலில் மல்லுக்கு நிற்கிற நியூட்ரோஃபில்கள் உங்களுக்கு மூவாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அது போதும். பரிசோதனைக்கூடத்தின் கணினிக்கு நீங்கள் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாது. எல்லோருக்கும் பொதுவான அளவோடு ஒப்பிட்டு அது 'குறைவு' என்று அச்சடித்துவிட்டது, அவ்வளவுதான்.

பெரியப்பா சொன்னதில் ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டும். இந்த மருந்து லிம்ஃபோசைட்டைக் கொல்வதில்லை, வெளியே விடாமல் நிறுத்தி வைக்கிறது. உடம்பில் உள்ள லிம்ஃபோசைட்டுகளில் சுமார் 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மீதி நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், குடல் சுவர் போன்ற இடங்களில் இருக்கும். ரத்தப் பரிசோதனை என்பது பெரியார் பேருந்து நிலைய வாசலில் நின்றுகொண்டு போகிற வருகிற பஸ்ஸை எண்ணுவது மாதிரி. டிப்போவுக்குள் எத்தனை நிற்கின்றன என்று அதில் தெரியாது. பெரியப்பாவின் பயத்துக்கும் காரணம் உண்டு. அவர் கடை நடத்திய காலத்தில் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து என்றால் பெரும்பாலும் அணுக்கள் பெருகுவதைத் தடுப்பதாகத்தான் இருந்தது. இது வேறு வகை.

எப்படி நிறுத்தி வைக்கிறது என்பதற்குத்தான் ஸ்பிங்கோசினைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

செல்லின் கொழுப்பு என்றதும் நமக்கு ட்ரைகிளிசரைடும் கொலஸ்ட்ராலும்தான் நினைவுக்கு வரும். ஸ்பிங்கோலிப்பிடுகள் தனிக் குடும்பம். செரின் என்ற அமினோ அமிலமும், பால்மிடிக் அமிலத்தின் செயலூக்கம் பெற்ற வடிவமும், செல்லுக்குள் எண்டோபிளாச வலைப்பின்னலில் சேர்வதில் கதை தொடங்குகிறது. சேர்த்து வைக்கும் நொதியின் பெயர் செரின் பால்மிடோயில் டிரான்ஸ்ஃபரேஸ். அங்கிருந்து இரண்டு மூன்று படிகள் தாண்டினால் செராமைடு. குடும்பத்தின் நடு ஆள் அதுதான். செராமைடில் பாஸ்போகோலின் சேர்ந்தால் ஸ்பிங்கோமையலின். காலக்டோஸ் சேர்ந்தால் காலக்டோசில் செராமைடு. குளுக்கோஸ் சேர்ந்து, மேலே இன்னும் சர்க்கரைகள் தொடுத்துக்கொண்டே போனால் மூளையில் நிறைந்திருக்கும் காங்கிலியோசைடுகள்.

ஸ்பிங்கோசின் எங்கே வருகிறது? இந்தத் தயாரிப்பு வரிசையில் அது வருவதே இல்லை. மாணவர்களுக்கு இது எப்போதும் குழப்பும். செராமைடு உருவான பிறகு அதைச் செராமிடேஸ் என்ற நொதி உடைத்தால்தான் 18 கார்பன் நீளமுள்ள ஸ்பிங்கோசின் கிடைக்கும். பொருள் உடைந்து வந்த துண்டு என்பதால் அதைக் கழிவு என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்பிங்கோசின் கைனேஸ் என்ற நொதி அதன் தலையில் ஒரு பாஸ்பேட்டை மாட்டினால் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட், சுருக்கமாக எஸ்1பி. செராமைடு கூடினால் பல செல்கள் சாவை நோக்கிப் போகும். எஸ்1பி கூடினால் பிழைக்கவும் நகரவும் முனையும். இரண்டுக்கும் இடையில் இரண்டே இரண்டு வேதிவினைகள்தான். செல் உயிரியலில் எனக்குப் பிடித்த இடம் இது. வேலை முடிந்த எஸ்1பியை, எஸ்1பி லையேஸ் என்ற நொதி நிரந்தரமாக வெட்டிப்போடும். இந்தக் குடும்பத்திலிருந்து வெளியேற இருக்கிற ஒரே வாசல் அதுதான்.

உங்கள் லிம்ஃபோசைட்டுகள் இந்த எஸ்1பியை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்கின்றன. ரத்தத்தில் எஸ்1பி அதிகம். காரணம் வேடிக்கையானது: சிவப்பணுக்களில் அதைச் செய்யும் நொதி இருக்கிறது, வெட்டும் லையேஸ் இல்லை. எனவே செய்து செய்து வெளியே விடுகின்றன. அது நல்ல கொழுப்பு என்று நாம் சொல்கிற எச்.டி.எல். துகளிலும் அல்புமினிலும் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றுகிறது. நிணநீர்க் கணுவின் திசுவிலோ லையேஸ் மும்முரமாக வெட்டித் தள்ளுவதால் எஸ்1பி மிகக் குறைவு. கணுவுக்குள் வந்த லிம்ஃபோசைட், வேலை முடிந்ததும் தன் மேல்பரப்பில் எஸ்1பி1 என்ற ஏற்பியை (எஸ்1பியை உணரும் புரதத்தை) முளைக்கவிட்டு, எஸ்1பி குறைவான இடத்திலிருந்து அதிகமான இடத்தை நோக்கி நகர்ந்து வெளியே வருகிறது. ரத்தத்தில் மிதந்தபடி எஸ்1பியில் தோய்ந்ததும் அந்த ஏற்பி உள்ளே இழுக்கப்பட்டுவிடும். அடுத்த கணுவுக்குள் போய்ச் சில மணி நேரம் கழித்துத்தான் மீண்டும் முளைக்கும்.

ஃபிங்கோலிமாட் நுழைவது இங்கேதான். அதன் உருவம் ஸ்பிங்கோசினை ஒத்திருப்பதால் உடம்பே ஏமாந்து, ஸ்பிங்கோசின் கைனேஸ் வழியாக அதற்கும் ஒரு பாஸ்பேட் மாட்டிவிடுகிறது. இப்போது அது எஸ்1பி மாதிரியே ஏற்பியில் போய் உட்கார்கிறது. வித்தியாசம் என்னவென்றால், உண்மையான எஸ்1பி உட்கார்ந்து எழுந்தால் ஏற்பி செல்லுக்குள் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்ப மேலே வரும். ஃபிங்கோலிமாட் உட்கார்ந்தால் ஏற்பி உள்ளே போனதோடு சரி, சிதைக்கப்பட்டுவிடும். ஏற்பி இல்லாத லிம்ஃபோசைட்டுக்கு வெளியே போகும் வழி தெரியாது. கணுவிலேயே தங்கிவிடும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய் நரம்பு உறையைக் கடிக்கிற அணுக்களும் அப்படியே உள்ளே மாட்டிக்கொள்கின்றன. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 429 இதன் விளைவுதான்.

இன்னொரு நல்ல செய்தி. எல்லா லிம்ஃபோசைட்டும் ஒரே அளவுக்கு மாட்டிக்கொள்வதில்லை. கணுவுக்குள் நுழைவதற்குரிய சிசிஆர்7 என்ற அடையாளம் இல்லாத, ஏற்கெனவே பயிற்சி பெற்ற டி-செல்கள் திசுக்களிலும் ரத்தத்திலும் நடமாடிக்கொண்டே இருக்கும். 400 சொச்சத்தில் இருப்பவர்களும் பள்ளிக்கூடம், பஸ், கல்யாண வீடு என்று சாதாரணமாக வாழ முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மருந்தின் பூர்விகம் ஒரு பூஞ்சை. சில்வண்டின் இளம்புழு மேல் வளரும் ஐசாரியா சின்கிளேரி என்ற பூஞ்சையிலிருந்து, கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெட்சுரோ ஃபுஜிதாவின் குழு எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து 1994-இல் வெளியிட்டது. பார்த்தால் அது முன்பே மிரியோசின் என்ற பெயரில் அறியப்பட்ட பொருள். மிரியோசின் நான் மேலே சொன்ன முதல் நொதியையே முடக்குவது, நச்சுத்தன்மையும் அதிகம். அதன் மூலக்கூறைச் செதுக்கிச் செதுக்கிச் செய்ததுதான் ஃபிங்கோலிமாட். செதுக்கி முடித்தபோது அது அந்த நொதியைத் தொடவே இல்லை, ஆனால் லிம்ஃபோசைட் மட்டும் இறங்கியது. ஏன் என்று புரிய 2002 வரை ஆயிற்று. முதலில் சிறுநீரக மாற்று அறுவைக்காகச் சோதித்தார்கள். ஏற்கெனவே இருந்த மருந்தைவிட அது ஒன்றும் மேலாகத் தெரியவில்லை. பிறகு எம்.எஸ். பக்கம் திரும்பி, 2010 செப்டம்பரில் அமெரிக்காவில் அந்த நோயின் தாக்குதல்களைக் குறைக்க வாய்வழியாகச் சாப்பிடும் முதல் மருந்தாக அனுமதி பெற்றது.

ஆக, நரம்பு உறையை இது நிரப்புவதில்லை. மயலின் உறையில் காலக்டோசில் செராமைடும் ஸ்பிங்கோமையலினும் நிறைய இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றை அங்கேயே உள்ள ஆலிகோடெண்ட்ரோசைட் செல்கள் தயாரித்துக்கொள்கின்றன. நாளைக்கு 0.5 மில்லிகிராம் விழுங்கி ஓர் உறையைக் கட்ட முடியாது. மருந்தின் வேலை அடி விழாமல் பார்ப்பது. ஏற்கெனவே விழுந்த அடியில் எவ்வளவு ஆறும் என்பது வேறு விஷயம்.

சாப்பாட்டு விஷயம் சுருக்கமாக. பால், முட்டை, சோயா, இறைச்சி எல்லாவற்றிலும் ஸ்பிங்கோலிப்பிடு உண்டு. குடலில் அது உடைந்து ஸ்பிங்கோசினாகிக் குடல் செல்லுக்குள் போனதும், அதில் பெரும்பகுதியை அந்தச் செல்லே வெட்டிப் பால்மிடிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. நீங்கள் முட்டை சாப்பிட்டதால் ரத்த எஸ்1பி எகிறாது, மருந்தும் கெடாது. தாராளமாகச் சாப்பிடுங்கள். க்ரீமும் அப்படியே. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே உள்ள கொழுப்பில் ஏறக்குறைய பாதி செராமைடுதான். க்ரீம் அங்கேதான் வேலை செய்கிறது, ரத்தத்துக்கு வருவதில்லை.

இப்போது நிறுத்துவது பற்றி. லிம்ஃபோசைட்டை வெளியே விடாமல் வைத்திருந்த மருந்தைத் திடீரென்று எடுத்துவிட்டால், ஒன்றிரண்டு மாதத்தில் அத்தனையும் ரத்தத்துக்குத் திரும்பும். எண்ணிக்கை அழகாக ஏறும், பெரியப்பா சந்தோஷப்படுவார். ஆனால் சிலருக்கு அந்தச் சமயத்தில் நோய் முன்பு இருந்ததைவிடப் பலமாகத் திருப்பி அடித்திருக்கிறது. பெரும்பாலும் நிறுத்திய 12 வாரத்துக்குள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 நவம்பரில் இதற்காகவே தனி எச்சரிக்கை விடுத்தது. நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிறுத்துவதென்றால் அடுத்து எந்த மருந்து, எப்போது என்று முடிவு செய்துகொண்டு நிறுத்த வேண்டும்.

எண்ணிக்கை எப்போது கவலை தரும்? 200-க்குக் கீழே போய், திரும்ப எடுத்தாலும் அப்படியே இருந்தால், எண்ணிக்கை மீண்டும் ஏறும்வரை நிறுத்தி வைப்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். உங்கள் 429 அதிலிருந்து தள்ளியே இருக்கிறது. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எடுங்கள். மருந்து தொடங்கும் முன் எடுத்த அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள். இனி வரும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தருவது அம்மையும் அக்கியும். நம் ஊரில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டி வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். அக்கி வந்தால் காவி குழைத்து எழுதிவிடப் போவார்கள். இரண்டும் ஒரே வைரஸ். அதை அடக்கி வைத்திருப்பது இப்போது கணுக்களில் மாட்டியிருக்கும் அதே லிம்ஃபோசைட்டுகள். எனவே உடம்பில் கொப்புளம் கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை உடனே தொடங்க வேண்டியிருக்கும். சாமி காரியம் தாராளமாக அதன் பக்கத்தில் நடக்கட்டும். மருந்து தொடங்கும் முன் அம்மைக்கான எதிர்ப்பொருள் பரிசோதனை செய்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் முப்பது நாற்பது பிள்ளைகளோடு இருக்கிற ஆசிரியை நீங்கள். இனி எந்தத் தடுப்பூசி போடுவதாக இருந்தாலும் ஃபிங்கோலிமாட் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். உயிருள்ள கிருமியை வைத்துச் செய்த தடுப்பூசிகள் கூடாது.

முதல் நாள் ஆறு மணி நேரம் உட்கார வைத்து மணிக்கொரு தரம் நாடி பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் இதே ஏற்பிதான் காரணம். இதயத்தின் மேலறைச் செல்களிலும் அது உண்டு. முதல் காப்ஸ்யூல் அதைத் தூண்டுவதால் துடிப்பு குறையும். பிறகு ஏற்பி உள்ளே போய்விடுவதால் அடுத்தடுத்த நாட்களில் அந்தத் தொல்லை இல்லை. இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பெரியப்பா பேச்சைக் கேட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்திவிட்டு நீங்களாக மறுபடி தொடங்கினால், ஏற்பிகள் முளைத்திருக்கும். அது மறுபடியும் 'முதல் நாள்' ஆகிவிடும், ஆனால் நாடி பார்க்கப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கோ படபடப்புக்கோ வேறு மருத்துவர் மாத்திரை எழுதினாலும் ஃபிங்கோலிமாட் பற்றி அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கண் பரிசோதனை பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. ரத்தக் குழாய்ச் சுவர் கசியாமல் இருக்கவும் எஸ்1பி தேவை. அதனால் சிலருக்கு விழித்திரையின் மையத்தில் நீர் கோத்துக்கொள்ளும். அபூர்வம்தான், ஆனால் மருந்து தொடங்கி மூன்று நான்கு மாதத்தில் ஒரு தடவை பார்க்கச் சொல்வார்கள். உங்களுக்கு இப்போது அந்த நேரம். ஏற்கெனவே எம்.எஸ்.ஸால் பார்வை மங்கிய அனுபவம் உங்களுக்கு இருப்பதால், திரும்ப மங்கினால் 'பழையதுதான்' என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்ட விஷயம். உங்கள் கடிதத்திலேயே அவசரமானது அதுதான். கேள்வியாகக்கூட நீங்கள் கேட்கவில்லை. கருவில் ரத்தக் குழாய்கள் உருவாக எஸ்1பி1 ஏற்பி அவசியம். அந்த மரபணுவை நீக்கிய எலிக் கருக்கள் ரத்தம் கசிந்து பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுகின்றன. ஃபிங்கோலிமாட் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். நிறுத்திய பிறகும் மருந்து உடம்பை விட்டுப் போக இரண்டு மாதம் ஆகும், அதுவரை கருத்தடை தொடர வேண்டும். அந்த இரண்டு மாதத்தில்தான் நோய் திருப்பி அடிக்கும் அபாயமும் வருகிறது என்பது இதில் உள்ள சிக்கல். இதற்கு வழி உண்டு: கர்ப்பத்தோடு ஒத்துப்போகும் வேறு மருந்துக்கு முன்கூட்டியே மாறுவது. எது, எப்போது என்பதை நரம்பியல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து திட்டமிட வேண்டும். அடுத்த வருடம் என்றால் அந்தப் பேச்சை இப்போதே தொடங்க வேண்டும். நாள் தள்ளிப்போனால் காத்திருக்காமல் உடனே பரிசோதித்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். அடுத்த முறை போகும்போது லிம்ஃபோசைட் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.